அவன் முறையில் ஒரு குத்து

கோட்டையில் கொடி மாறிவிட்டது. ஒல்லாந்தர் மூட்டை கட்டிக்கொண்டு போய், இங்கிலீஷ்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் அதற்கு முன்பே வேலையிலிருந்து விலகிவிட்டதால் எனக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் புதிதாகத் துபாசி வேலையில் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் அவ்வப்போது என்னைத் தேடி வந்து, அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். வெள்ளைக்காரர் பேசுவதை நம்மவருக்கும், நம்மவர் பேசுவதை வெள்ளைக்காரருக்கும் எடுத்துச் சொல்வதுதான் துபாசி வேலை. நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் திட்டு விழும் என்பதைத் தவிர அதில் சொல்லிக்கொடுக்க அதிகம் ஒன்றுமில்லை.

போன வாரம் வந்தபோது ஒரு சங்கதி சொன்னார்கள். புதிய சார்ஜெண்டும் கோட்டை முற்றத்தில் கயிறு கட்டிக் கைக்குத்துச் சண்டை பழக்குகிறாராம். கிடங்கில் மூட்டை தூக்கும் ஒருவர் அதில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறதாம். பொங்கலுக்குள் அந்தச் சார்ஜெண்டையே படுக்க வைக்கிறேன் என்று பழவேற்காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மாதிரி ஒரு சபதத்தை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அதுவும் எனக்காக இல்லை. இன்னொருவருக்காக, அவரைக் கேட்காமலே.

நான் துபாசியானது பெரிய கதை இல்லை. தகப்பனார் கோட்டைக்குத் துணி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் போய்ப் போய் ஒல்லாந்தர் பேச்சு எனக்கு ஒட்டிக்கொண்டது. இருபது வயதில் பீரங்கிக்காரர்களுக்குத் துபாசியாகப் போட்டார்கள். அப்போதே எனக்கு ஒரு வியாதி இருந்தது. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வராது. கொஞ்சம் நெய் ஊற்றி, கொஞ்சம் வெல்லம் போட்டுத்தான் சொல்வேன். விறகுக்காரர், "கட்டை நாளைக்கு வந்துடும்" என்று சொன்னால், "துரை கண் விழிப்பதற்குள் மலை போல வந்து குவியும்" என்று நான் சொல்வேன். துரைகளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஹென்ரிக் துரை ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை.

அவர் பீரங்கிக்காரர்களுக்குத் தலைவர். அந்தப் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையாமல், எந்திரிக்கத் துரை என்றார்கள். ஆள் குட்டை. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. வாலிபத்தில் கப்பலோடு லண்டன் பட்டணம் போய், அங்கே கைக்குத்துக் கற்றுக்கொண்டு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நான் ஏதாவது அளந்தால், வாயிலிருந்து புகையிலைச் சுங்கானை எடுத்துவிட்டு, "இதில் பாதி எவ்வளவு?" என்று கேட்பார். பாதியைச் சொன்னால், "அதில் பாதி?" என்பார். இப்படி இறங்கி இறங்கி உண்மை வருகிற வரை விடமாட்டார். அதற்குள் சுங்கான் அணைந்துபோகும். மறுபடி பற்றவைத்துக்கொள்வார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஏரிப்பக்கத்து மதிலை ஒட்டி நாலு முளை அடித்துக் கயிறு கட்டுவார்கள். நடுவில் கிளிஞ்சல் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதைத் துரையே போடுவார், வேறு யாரும் தொடக்கூடாது. சண்டை போடுகிற இருவரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகக் கால் பெருவிரலை வைத்து நிற்க வேண்டும். ஒருவர் விழுந்தால் சண்டை நிற்கும். உடனே கப்பலில் வைத்திருக்கும் சின்ன மணற்குடுவையைக் கவிழ்ப்பார். மணல் இறங்கி முடிவதற்குள் விழுந்தவர் எழுந்து வந்து கோட்டில் விரல் வைத்தால் மறுபடி சண்டை. இல்லாவிட்டால் தோற்றுப்போனார். விழுந்தவரைத் தொடக்கூடாது, இடுப்புக்குக் கீழே குத்தக்கூடாது, கடிக்கக்கூடாது. பழகும்போது பாய்த்துணியில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்த உறையைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். பந்தயம் கட்டுகிறவனைக் கயிற்றுக்குப் பக்கத்தில் விடமாட்டார். ஜெயித்தவருக்குப் பரிசும் கிடையாது. வருஷத்துக்கு ஒருநாள், தங்கள் நாட்டுப் பெரிய துரை பிறந்தநாள் என்று பீரங்கி வெடிப்பார்கள். அன்றைக்கு மட்டும் கோட்டையிலுள்ள எல்லார் முன்னிலையிலும் மெய்யான சண்டை நடக்கும்.

புதிதாக வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது, "உன் ஆசை என்ன?" என்பதுதான். சொன்னதைப் பாதியாக்கி, பாதியில் பாதியாக்கி, கடைசியில் மிஞ்சுவதை மதிலில் சுண்ணாம்புக் கீற்றாகப் போட்டு வைப்பார். நானும் ஒரு தடவை ஆசைப்பட்டுச் சேர்ந்தேன். இந்த வருஷமே பீரங்கிக்காரர்கள் அத்தனை பேரையும் ஜெயிப்பேன் என்றேன். அது இறங்கி இறங்கி, கண்ணை மூடாமல் ஒரே ஒரு குத்து வாங்கு என்பதில் வந்து நின்றது. நாற்பது நாள் பாடுபட்டேன். உறை என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி வரும்போதே என் கண் தானாக மூடிக்கொள்ளும். நாற்பதாம் நாள் என் பெயருக்கு நேரே இருந்த ஒற்றைக் கீற்றையும் துரையே கையால் அழித்துவிட்டு, "நீ பேசு" என்றார்.

கோட்டைக்குப்பத்து ஏகாம்பரம் அதற்குப் பிறகுதான் வந்தார். கோட்டைச் சமையல்கட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மீனைப் போட்டுவிட்டு வெறுங்கூடையை மடியில் வைத்துக்கொண்டு சண்டை முடிகிற வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் வந்து, "துபாசியாரே, நானும் கத்துக்கலாமான்னு துரையாண்ட கேளுங்க" என்றார்.

"எதுக்குண்ணே உங்களுக்கு இதெல்லாம்?"

"ஊர்ல என்னைப் பொறுமைசாலிங்கறாங்க. நல்ல பேருதான். ஆனா எனக்குக் கோவமே வர்லியா, இல்ல வந்தும் கை எழும்பலியான்னு எனக்கே தெர்ல. அத்தைத் தெரிஞ்சிக்கலாம்னுதான்."

"இன்னா ஆசைன்னு கேப்பாரு. இன்னா சொல்லட்டும்?"

"கடேசி வரிக்கும் நின்னா போதும்னு சொல்லுங்க."

புதிதாக வருகிறவர் ஒருவர் இவ்வளவு அளவாக ஆசைப்பட்டு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. துரையிடம், "இவர் பிறந்தநாளன்று உங்கள் ஆள் ஒருவரை ஜெயிப்பதாகச் சொல்கிறார்" என்றேன். துரை அதைப் பாதியாக்கிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். ஆகவே அங்கே கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. கெடுதல் நடந்தது குப்பத்தில்.

அவர்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஏரியில் இறாலும் மீனும் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு, இந்த இடத்தில் இன்ன நாள் இன்னார் என்று வரிசை பிடிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அவரவர் பாட்டில் அவரவர் வலை. அடுத்தவன் முறையில் வலையை நனைப்பதைவிடப் பெரிய குற்றம் அந்த ஊரில் கிடையாது. அடிதடியைப் பேசித் தீர்ப்பார்கள், முறை தப்பியவனோடு பேசவே மாட்டார்கள். அந்த வருஷம் ஏகாம்பரத்துக்கு வரிசையில் மூன்றாம் இடம் விழுந்திருந்தது. மழை விட்டு, முகத்துவாரம் திறந்து, இறால் ஏறுகிற சமயத்தில் அவர் பாடு வரும். கடைசி இடத்துக்குத் தள்ளினால் கோடையில், சேறு காய்கிறபோதுதான் வரும்.

சாயங்காலத்தில் ஊர் வலையை எல்லாரும் சேர்ந்து இழுப்பது வழக்கம். அதிலிருந்து ஏகாம்பரத்தை விடுவிக்கச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் நான் போய்ப் பேசினேன். கோட்டைத் துபாசி என்று மரியாதையாக உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்கள். நாற்பது ஐம்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வழக்கமான வியாதி வந்துவிட்டது.

ஊர்ப் பெரியதனக்காரர் கோவிந்தன், "வெள்ளைக்காரனாண்ட சண்டைக்கு நிக்கறான்றீங்க. ஜெயிப்பானா?" என்று கேட்டார்.

"ஜெயிக்காமலா? வெள்ளைக்காரன் மண்ணைக் கவ்வப்போறான் பாருங்க" என்றேன் நான்.

"அப்ப சரி. ஊர் வேலைய வுட்டுட்டுப் போறான். ஜெயிச்சிட்டு வந்தா ஊருக்கு ஒரு பேரு. தோத்துட்டு வந்தா, சபைல சொன்ன சொல்லு பொய்யாப் போச்சு. பாட்டு வரிசைல அவன் பேரு கடேசிக்குப் போய்டும்."

ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. வெளியே வந்ததும், "நான் நிக்கறேன்னு மட்டுந்தானே சொன்னேன்" என்றார். கோபம்கூட இல்லை, சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். நான், "பாத்துக்கலாம்ணே" என்றேன். அவர் சம்சாரம் பச்சையம்மா பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். "நீங்க பாத்துப்பீங்க, துபாசியாரே. கோடையில சேத்துல கைய வுட்டுத் தேடப்போறது நாங்க" என்றாள். 

பழக்கம் ஆரம்பித்தது. ஏகாம்பரத்துக்கு வலை இழுத்த தோள். கண்ணை மூடாமல் குத்து வாங்குவதை முதல் நாளே செய்துவிட்டார், எனக்குப் பொறாமையாக இருந்தது. குத்தும் பலமாகத்தான் விழுந்தது. சிக்கல் அதற்கப்புறம். ஒரு குத்து குத்துவார். குத்திவிட்டுக் கையைக் கீழே போட்டுக்கொண்டு நிற்பார். எதிராளி குத்துவார். அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு, பிறகு தான் ஒன்று குத்துவார். எதிராளி தயங்கினால், "ம், குத்துங்க" என்று தலையாட்டிக் காத்திருப்பார்.

"ஏன் நிற்கிறார்?" என்று துரை கேட்டார்.

நான் ஏகாம்பரத்தைக் கேட்டேன். "நான் குத்திட்டேனே. இப்ப அவரு மொறைதானே?" என்றார் அவர்.

பதினைந்து நாள் இதே கதை. துரை கோணிப்பையில் மணல் கட்டித் தொங்கவிட்டு, "இதைக் குத்திக்கொண்டே இரு" என்றார். ஏகாம்பரம் குத்தினார். பை ஆடி வந்து அவர் மார்பில் இடித்துவிட்டுப் போகிற வரை காத்திருந்து, பிறகு மறுபடி குத்தினார். பைக்கும் முறை கொடுத்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பீரங்கிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். துரை மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பீரங்கி வண்டிமேல் உட்கார்ந்து, சுங்கானைப் பற்றவைத்து, என்னைக் கூப்பிட்டு, "இந்த ஊர் வழக்கத்தைச் சொல். பாதி வேண்டாம், முழுவதும் சொல்" என்றார்.

பாடு முறையைப் பற்றிச் சொன்னேன். சீட்டு எப்படிப் போடுவார்கள், காற்று அடித்து ஒருவன் நாள் கெட்டால் என்ன செய்வார்கள், அண்ணன் தம்பிக்குள் முறையை மாற்றிக்கொள்ளலாமா என்றெல்லாம் குடைந்து குடைந்து கேட்டார். கடைசியில் வேறு வழியில்லாமல், சபையில் நான் செய்த சபதத்தையும், தோற்றால் ஏகாம்பரத்தின் இடம் போகும் என்பதையும் சொல்லிவிட்டேன். துரை என்னை நெடுநேரம் பார்த்தார். அதற்கு அவர் நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஊரில் நீ சொன்னது நடக்காது. இரண்டு மாதத்தில் யாரும் ஜெயிக்க முடியாது. இவரால் முடிந்தது இரண்டு காரியம். மூன்று தடவை விழுந்தாலும் மூன்று தடவை கோட்டுக்கு வர வேண்டும். ஒரே ஒரு தடவை எதிராளியின் முறையில் குத்த வேண்டும். இவ்வளவுதான்" என்று சொல்லி மதிலில் மூன்று கீற்று ஒரு பக்கமும், தனியாக ஒரு கீற்று இன்னொரு பக்கமும் போட்டார்.

மூன்று கீற்றுக்கு ஏகாம்பரம் உடனே சம்மதித்தார். அந்த ஒற்றைக் கீற்றைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"அது தப்பாச்சே, துபாசியாரே. எங்க நைனா கேட்டா மூஞ்சில முழிக்க மாட்டாரு."

"இது ஏரி இல்லண்ணே, சண்டை."

"அவரு மொறையை நான் எடுத்துக்கினா அவருக்கு இன்னா மிஞ்சும்?"

இதை நான் நெய் ஊற்றாமல் துரையிடம் சொன்னேன். துரை, "எதிராளிக்கு என்ன மிஞ்சும் என்று கவலைப்படுகிறவரை நான் லண்டனில்கூடப் பார்க்கவில்லை" என்றார்.

பிறந்தநாள் வந்தது. எதிராளியாக வில்லெம் என்ற பீரங்கிக்காரர் நின்றார். இருபத்திரண்டு வயது, சிரித்த முகம், நீளமான கை. வெளியாட்களைக் கோட்டைக்குள் விடவில்லை. குப்பத்துச் சார்பில் நான் ஒருவன்தான். கையைப் பிசைந்துகொண்டு கயிற்றோரம் நின்றேன். கோட்டில் விரல் வைத்ததும் வில்லெம் ஒன்று கொடுத்தார். ஏகாம்பரம் வாங்கிக்கொண்டு, முறைப்படி ஒன்று திருப்பிக் கொடுத்தார். வில்லெம் அடுத்தடுத்து இரண்டு கொடுத்தார். ஏகாம்பரம் சண்டையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "துபாசியாரே, ரெண்டு தபா குத்திட்டாரு, அவராண்ட சொல்லுங்க" என்றார். நான் சொல்வதற்குள் மூன்றாவதும் விழுந்தது. ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்தார்.

மணல் பாதி இறங்குவதற்குள் கோட்டுக்கு வந்துவிட்டார். இரண்டாம் தடவை விழுந்தபோது மணல் முக்கால் இறங்கியது. மூன்றாம் தடவை உதடு கிழிந்து, மணல் முடிகிற நேரத்தில் விரலை வைத்தார். மூன்று கீற்றும் முடிந்தது. துரை என்னிடம், "இனி விழுந்தால் எழ வேண்டாம் என்று சொல்" என்றார். நான் சொன்னேன். ஏகாம்பரம் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. வில்லெமின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். வில்லெம் வலக்கையைப் பின்னுக்கு இழுத்தார். யார் பார்த்தாலும் அது வில்லெமின் முறை. அந்தக் கை புறப்படுவதற்குள் ஏகாம்பரத்தின் இடக்கை போய்விட்டது.

வில்லெம் தரையில் உட்கார்ந்திருந்தார்.  ஏகாம்பரம் தன் கையைப் பார்த்தார், வில்லெமைப் பார்த்தார், ஓடிப்போய், "ஐயோ, தப்பாப் பூட்ச்சி, எந்திரிங்க" என்று அவரைத் தூக்கப்போனார். விழுந்தவரைத் தொடக்கூடாது என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். வில்லெம் எழுந்து கோட்டுக்கு வந்து, இரண்டே குத்தில் சண்டையை முடித்தார். மணல் முழுவதும் இறங்கிவிட்டது. ஏகாம்பரம் தோற்றார். துரை மதிலுக்குப் போய் அந்த ஒற்றைக் கீற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

குப்பத்துக்குப் போகிற வழியெல்லாம் நான் பொய்யைச் செதுக்கிக்கொண்டே போனேன். ஜெயித்தார் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வெள்ளைக்காரர் யாரும் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. ஏகாம்பரத்திடம், "நீங்க பேசாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியும் வைத்தேன். சபையில் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து, "தோத்துட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தன் அவருடைய கிழிந்த உதட்டைப் பார்த்துவிட்டு, "போவட்டும்டா. எத்தினி தபா எந்திரிச்சே?" என்றார்.

"மூணு தபா."

"மூணு தபா எந்திரிச்சவனைக் கடேசிக்குத் தள்றதுக்கு எனக்கு மனசு வர்ல. இன்னாப்பா சொல்றீங்க?" என்று சபையைக் கேட்டார். நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு உயிர் வந்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஏகாம்பரம் உட்காரவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும். அவன் மொறையில நான் ஒரு குத்து குத்திட்டேன்."

பீரங்கி வெடித்தால்கூட அப்படி அமைதியாகியிருக்க மாட்டார்கள். ஒரு பெரியவர், "தெரிஞ்சேவா?" என்று கேட்டார். "தெரிஞ்சேதான்" என்றார் ஏகாம்பரம். இது சண்டை, இதில் முறை கிடையாது, துரையே செய்யச் சொன்னார் என்று நான் மூச்சுவிடாமல் பேசினேன். கோவிந்தன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவங்க வழக்கம் அவங்களுக்கு. இவன் நம்ம ஊரு ஆளு. மொறை எதிராளியுதுன்னு இவன் மனசுக்குத் தெரிஞ்சிருக்கு. தோத்தது தப்பு இல்ல. இது தப்பு. உன் பாடு வர எட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள அந்தக் குத்தைத் திருப்பி வாங்கிக்கினு வா. இல்லன்னா உன் பேரு கடேசி."

மறுநாள் நான் செய்த துபாசி வேலையைப் போல என் வாழ்நாளில் வேறொன்று செய்ததில்லை. வில்லெமிடம் போய், "தயவுசெய்து இவரை ஒரு குத்து குத்துங்கள்" என்று கேட்டேன். அவர் மறுபடி சண்டைக்குக் கூப்பிடுவதாக நினைத்துச் சட்டையைக் கழற்றினார். இல்லை இல்லை, இவர் திருப்பிக் குத்த மாட்டார், நீங்கள் மட்டும் ஒன்று குத்த வேண்டும் என்றேன். அப்படியானால் முடியாது, சும்மா நிற்கிறவனைக் குத்த நான் என்ன போக்கிரியா என்றார். ஹென்ரிக் துரை விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, "குத்து. அவருக்கு அவசியமாக இருக்கிறது" என்று உத்தரவு போட்டார்.

ஏகாம்பரம் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். வில்லெம் மனசில்லாமல், மெதுவாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர் மாதிரி ஒரு குத்தை நீட்டினார். ஏகாம்பரத்தின் தலை தானாக நழுவியது. இடக்கை தானாகப் போயிற்று. வில்லெம் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

ஏகாம்பரம் அழாத குறையாக என்னைப் பார்த்தார். "துபாசியாரே, இப்ப ரெண்டாயிட்ச்சே."

எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் பயம். அடுத்த நாள் அவர் கைகளை இடுப்போடு கட்டிவிட்டு நிறுத்திப் பார்த்தோம். கை அடங்கியது, தலை அடங்கவில்லை. எப்படிக் குத்தினாலும் ஒதுங்கிவிட்டது. கண்ணைக் கட்டினோம். வில்லெம் கால் எடுத்து வைக்கிற சத்தத்துக்கே குனிந்தார். இரண்டு மாதம் வராத வித்தை, வரக்கூடாத வாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழாம் நாள் வில்லெம் களைத்துப்போய்க் கீழே உட்கார்ந்துவிட்டார். துரை என்னிடம், "இவரை இனி யாராலும் எளிதில் குத்த முடியாது. ஊரில் போய் நடந்ததைச் சொல். நடந்ததை மட்டும்" என்றார்.

வில்லெமையும் அழைத்துக்கொண்டு போனேன். சபையில் எழுந்து நடந்ததை மட்டும் சொன்னேன். அதுவரை எனக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை. நான் முடித்தபோது, இவ்வளவுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கோவிந்தன் வில்லெமின் வீங்கிய மூக்கைக் கிட்டே வந்து பார்த்தார். பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு கோவிந்தன் சொன்னார்.

"குத்தா வாங்க முடியலன்னா, வேற மாதிரி குடுத்துத்தான் ஆவணும். ரெண்டு மொறைய எடுத்துக்கினான். நாளைக்கி இவன் பாடு. மொத ரெண்டு வீச்சு அந்தத் தம்பி வீசட்டும். வுழறது அவருக்கு. அது வரிக்கும் இவன் கைய கட்டிக்கினு நிக்கட்டும். கை பிரிஞ்சா பேரு கடேசி."

நான் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வில்லெமுக்குச் சொன்னேன். அவர் ஜன்மத்தில் வலையைத் தொட்டதில்லை. ஆனாலும் சரி என்றார்.

விடிகாலையில் இடுப்பளவு தண்ணீரில் வில்லெமை இறக்கினார்கள். வலையைத் தோளில் போட்டு, நுனியைக் கையில் சுற்றிக் கொடுத்தார்கள். "மொத நாளு வுழாம நின்னா போதும்னு சொல்லுங்க" என்றார் கோவிந்தன். சொன்னேன். முதல் வீச்சில் வலையும் போயிற்று, வில்லெமும் போனார். கரையிலிருந்த ஊர் முழுவதும் சிரித்தது. பச்சையம்மாகூடச் சிரித்தாள். ஏகாம்பரம் பத்தடி தள்ளி, தண்ணீரில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டாம் வீச்சுக்கு வில்லெம் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கடல் ஓதம் ஏறியது. முகத்துவாரத்துப் பக்கமிருந்து தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. இறால். அவ்வளவு இறாலை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஏகாம்பரத்தின் தொடையில் மோதி மோதிப் போயிற்று. கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. சும்மா இருக்கும்போதே தானாகப் புறப்படுகிற கை அது, இத்தனை நாள் கயிறு போட்டும் அடங்காத உடம்பு. கட்டியிருந்த கைகள் தோள் வரை நடுங்கியதை நான் பார்த்தேன். வேண்டாம்ணே, வேண்டாம்ணே என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். கைகள் பிரியவில்லை.

வில்லெமின் வலை அரைகுறையாகத்தான் விரிந்தது. அதற்கே இழுக்க மூன்று பேர் இறங்க வேண்டியிருந்தது. வில்லெம் வலையைக் காட்டி, வா, நீயும் எடுத்துக்கொள் என்று ஏகாம்பரத்தைக் கையால் கூப்பிட்டார். ஏகாம்பரம் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கோவிந்தன் அந்த வலை கரையேறுகிற வரை பார்த்துவிட்டு, "ரெண்டு மொறையும் தீந்துச்சு. ஏகாம்பரம், வலைய வீசுடா. உன் பேரு இருக்கற எடத்துலயே இருக்கு" என்றார்.

அதற்குள் இறால் போய்விட்டது. ஏகாம்பரம் மத்தியானம் வரை வீசினார். மூன்று நண்டு கிடைத்தது. பச்சையம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மூணு நண்டுக்கா இத்தினி குத்து வாங்கினே?" என்றாள்.

ஏகாம்பரம் கிழிந்த உதட்டோடு சிரித்தார். "மூணும் என் மொறையில வுழுந்ததுடி" என்றார்.